மூடிமேல் ஐந்து கிலோ

ஜனவரி 9

அன்பு நாத்தனாருக்கு,

நானும் உன் அண்ணனும் நலம். உன் இருமல் நின்றதா, அந்த ஈரச் சுவர் அறையை மாற்றினாயா என்று எழுது. போனில் பேச ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, கடிதம்தான் நமக்கு ஒத்துவரும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீதான் சொன்னாய். அதன்படி எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து நீ ஊருக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. மூளையில் இருந்த கட்டியோடு தலைவலியும் போயே போய்விட்டது. பார்வை திரும்பிவிட்டது. நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போய் நானே சோதித்தேன், கடைசி வரி வரைக்கும் படிக்கிறார். பேச்சுதான் குறைந்துவிட்டது. லிஃப்ட் கம்பெனியில் ஒரு வருஷம் லீவு கொடுத்திருக்கிறார்கள். நான் காலையில் கடைக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருகிறேன். அதுவரை ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் சாப்பிடுகிறார்! போன ஞாயிற்றுக்கிழமை ஆறு முட்டை, ஒரு முழு ரொட்டி, மறுநாளைக்கென்று வேகவைத்திருந்த உருளைக்கிழங்கு அத்தனையும். சட்டியை வழித்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னும் இருக்கா?" என்றார். பதினொரு வருஷத்தில் நான் இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. நான் எதைச் செய்து வைத்தாலும் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா சுண்டெலி கைப்பக்குவம் வேற" என்று உன் செல்லப் பெயரை இழுப்பார். உன் வெண்ணெய் பிஸ்கெட்டின் பெருமையை விருந்தாளிகளிடம் சொல்வார், அதுவும் நான் செய்த பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. இதையெல்லாம் கோபத்தில் எழுதவில்லை, சும்மா சொல்கிறேன். இப்போது சுண்டெலி பேச்சே கிடையாது. தட்டைக் கழுவ வேண்டிய அவசியம்கூட இல்லாமல் வழித்துச் சாப்பிடுகிறார்.

எடைதான் ஏறுகிறது. அறுபத்திரண்டு இருந்தவர் எழுபது. உடம்பு தேறுவது இப்படித்தானே? நீ படித்தவள், நல்ல வார்த்தையாக எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் ஆய்வகத்து எலிகளையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அண்ணி


ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இருமல் நின்றுவிட்டது. சுவர் இன்னும் ஈரம்தான். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கனம் தூக்காதீர்கள்.

நீங்கள் கேட்ட மாதிரி நல்ல வார்த்தை எழுத முடியவில்லை, மன்னியுங்கள். மூளைக்கு அடியில் மிளகு அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. வயிறு நிறைந்ததும் "போதும்" என்று சொல்வது அதுதான். அண்ணனுடைய கட்டி அதை ஒட்டி இருந்தது. எடுக்கும்போது அந்த இடமும் அடிபட்டிருக்கலாம் என்று டாக்டர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். உங்களைப் பயமுறுத்த வேண்டாமென்று நான்தான் சொல்லாமல் விட்டேன்.

நான் சம்பளம் வாங்குவதே இந்த மிளகைப் பார்த்துக்கொள்ளத்தான். எலிக்கு மயக்கம் கொடுத்து, தலையைச் சட்டத்தில் பொருத்தி, மயிர் போன்ற கம்பியை இரண்டு பக்கமும் இறக்கி, சில விநாடி மின்சாரம் விட்டு அந்த இடத்தைப் பொசுக்குகிறோம். மயக்கம் முழுசாகத் தெளிவதற்குள் எலி கால் பின்னத் தள்ளாடித் தள்ளாடித் தீனிக் கிண்ணத்துக்குப் போய்விடும். சில வாரத்தில் எடை இரண்டு மடங்கு ஆகிவிடும். வைத்த தீனியிலிருந்து மிச்சத்தையும், கூண்டுக்கு அடியில் சிந்தியதையும் கழித்து எவ்வளவு தின்றது என்று தினமும் எழுதிவைப்பது என் வேலை.

ஆகவே, அண்ணி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் சாப்பிடுவது ருசியால் இல்லை. எங்கள் எலிகளுக்குச் சமைத்துப் போட ஆளே கிடையாது, வெறும் மாவு உருண்டைதான், அவையும் இப்படித்தான் தின்கின்றன. இப்படியே போனால் இதயம் தாங்காது. சாப்பாட்டைப் பூட்டி வையுங்கள். வாரம் ஒரு தடவை எடை பாருங்கள், எனக்கு எழுதுங்கள். அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 18

அன்பு நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம், லென்ஸ் தேய்க்கிறவன் நின்றுவிட்டான், அதனால்தான் பதில் எழுதவில்லை. வேறு ஒன்றுமில்லை.

டாக்டர் சொன்னதை என்னிடம் மறைத்தாய் பார், அது பெரிய மனசு. கட்டினவளுக்குத் தெரியாத ரகசியம் கூடப் பிறந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எனக்கு அவர் வாயும் சொந்தமில்லை, வயிறும் சொந்தமில்லை என்று இப்போது புரிகிறது.

நீ சொன்னபடி சமையலறைக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். முதல் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். சட்டையெல்லாம் வேர்வை. நிமிர்ந்து பார்த்து, "ஏன் இவளே, நான் என்ன திருடனா?" என்றார். சத்தம் போடவில்லை. அவ்வளவு பெரிய மனுஷன், பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று மோட்டார் மாற்றினவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பூட்டைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடித்ததையெல்லாம் செய்து போட்டேன்.

எழுபத்தெட்டு. கேட்டாய் என்பதற்காக எழுதுகிறேன். வேறு வழி இருந்தால் சொல், இல்லாவிட்டால் உன் எலிகளோடு சந்தோஷமாக இரு. குளிர் காற்றில் அலையாதே.

அண்ணி


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சுகத்தையும் அண்ணன் சுகத்தையும் அறிய ஆவல். உங்கள் கோபத்தின் சுகத்தையும்தான்.

பூட்டச் சொன்னது என் முட்டாள்தனம். வேறு வழி இருக்கிறது, கதை மாதிரி இருக்கும், நம்புங்கள். இரண்டு மடங்கு தின்னும் அதே எலியின் கிண்ணத்துக்கு ஒரு மூடி போட்டு, மூடிமேல் சின்னதாக ஒரு எடைக்கல் வைக்கிறோம். சாதாரண எலி பசி வந்தால் முட்டி மோதி மூடியைத் தூக்கித் தின்றுவிடும். மூளையில் அடிபட்ட குண்டு எலி ஒரு தடவை மோந்து பார்க்கும், மூலைக்குப் போய்ப் படுத்துவிடும். சாதாரண எலியைவிடக் குறைவாகத் தின்னும்! தீனியில் கொஞ்சம் கசப்பு கலந்தாலும் அப்படித்தான். நான் முதலில் எடை போட்டதில் தப்பு என்றே நினைத்தேன். எங்கள் பேராசிரியர் சிரித்தார். "இதுக்குப் பசி அதிகம்னு யாரு சொன்னா? முன்னால இருக்கு, திங்குது. பாடுபடணும்னா வேண்டாங்குது. அவ்வளவுதான்" என்றார்.

அதனால் பூட்டு வேண்டாம். சாப்பாட்டை ஒரு பெரிய டப்பாவில் போட்டு மூடி, மேலே கனமாக எதையாவது வையுங்கள். திறக்க முடிகிற கனமாக இருக்கட்டும், அப்போதுதான் அவனுக்கு அவமானமாக இருக்காது. எலிக்குப் பலித்தது மனுஷனுக்குப் பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இவ்வளவு எழுதுகிறவள் ஓடி வரக்கூடாதா என்று நினைப்பீர்கள். ஒரு நாள் எடை பார்க்காவிட்டால் எங்கள் கணக்கு முழுக்க வீண், லீவு கிடையாது. முதுகு பத்திரம்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 27

அன்பு நாத்தனாருக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

நீ சொன்னது பலித்துவிட்டது. பரணில் கிடந்த பழைய கரி இஸ்திரிப் பெட்டியை இறக்கினேன். ஐந்து கிலோ. காலையில் ரொட்டி, முட்டை எல்லாவற்றையும் தகர டப்பாவில் போட்டு மூடி, மேலே அதை வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். அதன் மூக்கு சுவரைப் பார்க்கிற மாதிரி வைப்பேன், யாராவது தொட்டால் எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஆறு மணிக்கு வந்து பார்த்தால் மூக்கு சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருபது நாளாக ஒரு விரல்கூடப் படவில்லை. நான் வந்து, கை கழுவி, பெட்டியை இறக்கி, அளவாக எடுத்துப் போடுகிறேன். சாப்பிடுகிறார். எண்பத்தொன்றில் நின்ற முள் இந்த வாரம் எண்பதுக்கு வந்திருக்கிறது. டாக்டர் உன்னைப் பாராட்டினார். நானும் பாராட்டுகிறேன்.

பாராட்டிவிட்டேன், இனி மனசில் இருப்பதைச் சொல்லலாம் இல்லையா? ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இரண்டு மாதம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? ஆபரேஷன் என் சமையலுக்கு அவர் கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். உன்னை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், உள்ளதைச் சொல்கிறேன். நீ எழுதினாய், ருசி இல்லை, மிளகு என்று. சரி, போகட்டும். இப்போது என்னவென்றால், மோட்டாரைத் தோளில் தூக்கினவருக்கு ஐந்து கிலோவைத் தூக்கி ஓரமாக வைக்கிற அளவுக்குக்கூட என் கைச்சாப்பாடு வேண்டாம். முன்னால் இருந்தால் தின்பாராம். பாடுபட்டுத் தின்கிற அளவுக்கு இல்லையாம். தினமும் சாயங்காலம் அந்த இரும்பின் மூக்கைப் பார்க்கும்போது என் மூக்கு அறுபடுகிறது.

நீ கேட்டதாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உன்னை அவர் கேட்பதே இல்லை. ஞாபகம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். வருத்தப்படாதே, உடம்புக்கு ஆகாது.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம்.

ஒரு தடவைகூடக் கேட்கவில்லையா? தப்பித் தவறிக்கூட? சரி.

ஏப்ரல் 14 அவனுடைய பிறந்த நாள். இதோடு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன், வெண்ணெய் பிஸ்கெட், பன்னிரண்டு. சர்க்கரை பாதிதான். ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் டப்பாவை வைக்கிற மாதிரியே இதையும் வையுங்கள். மேலே அதே இஸ்திரிப் பெட்டி. தூக்குகிறானா பார்த்து எழுதுங்கள். விஞ்ஞான ஆர்வம்தான், வேறு ஒன்றுமில்லை.

வேறு ஒன்றுமில்லை என்று நீங்களும்தான் பிப்ரவரியில் எழுதினீர்கள்.

இன்னொரு செய்தி. கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வகத்தில் மூன்று வருஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடுவில் வர முடியாது. இங்கேயே இருந்தால் சின்ன வேலை, ஆனால் ஒரு ரயிலில் வந்து அண்ணனைப் பார்க்கலாம். மே கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்னைத் தேடுகிற ஆள் அங்கே இருந்தால் நான் எதற்குக் கடல் தாண்டப் போகிறேன்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அண்ணன் கையில் உங்கள் கையால் முதல் பிஸ்கெட்டைக் கொடுக்காதீர்கள். அவனே எடுக்கட்டும்.

உங்கள் நாத்தனார்


மே 2

அன்பு நாத்தனாருக்கு,

நலம். டப்பா வந்தது. நீ சொன்னபடியே வைத்தேன். தூக்கவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு நானே தினமும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன், சாப்பிட்டார். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். மனசைத் தளரவிடாதே. பெரிய வேலைக்கு என் வாழ்த்து. வெளிநாட்டில் குளிர் அதிகம் என்கிறார்கள், கம்பளி வாங்கிக்கொள்.

அண்ணி


மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் எனக்கு ஒரு தபால் தலை அளவில்தான் இருந்தது. அதுவே போதும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூலை 14 கிளம்புகிறேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அப்பா அம்மா போன பிறகு எட்டு வருஷம் அந்த வீட்டில் நானும் அண்ணனும்தான். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "சுண்டெலி எங்க?" என்பான். பதில் வந்த பிறகுதான் இன்னொரு செருப்பைக் கழற்றுவான். உங்கள் கல்யாணமான நாலாம் நாள் நான் கூடத்தில் அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவ எங்க?" என்றான். உங்களைக் கேட்டான். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. அன்றிலிருந்து இன்றுவரை உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்தான். நான் பிஸ்கெட் செய்து அனுப்பியதெல்லாம் பாசம் என்றா நினைத்தீர்கள்? போட்டி.

அதனால் அவன் தூக்கவில்லை என்று நீங்கள் எழுதியபோது அழுதேன். உங்கள் டப்பாவையும் தூக்கவில்லையே என்று கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மூன்று வருஷம் சுமந்துகொண்டு திரிய முடியாது.

போவதற்கு முன்னால் அங்கே வரவில்லை. வந்து நின்று, அவன் யாரோ மாதிரி பார்த்தால் என்னால் தாங்க முடியாது. அவனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகையும்.

நாத்தனார்


ஜூன் 8

சுண்டெலி,

இன்றைக்கு உன்னை இப்படித்தான் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு வாரம் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், கடிதத்தை அரிசியில் மறைக்க மாட்டேனா? இனி என்னால் முடியாது. அவர் தூக்கினார்.

பிறந்த நாளன்றே தூக்கினார். காலையில் உன் டப்பாவை மேடைமேல் வைத்து, இரும்பை ஏற்றி, "உங்க தங்கச்சி அனுப்பினது" என்று ஒரு வார்த்தை சொன்னேன். வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போகிற மாதிரி போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து கதவு மறைவில் நின்றேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுந்து வந்தார். இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல், மோட்டார் மூடியை இறக்கிவைப்பாரே, அதே மாதிரி இறக்கிவைத்தார். நின்றுகொண்டே பன்னிரண்டையும் தின்றார். துகளை விரலால் ஒற்றித் தின்றார். அப்புறம் மூடியைப் போட்டு, இரும்பைத் தூக்கி மறுபடியும் மேலே வைத்தார். நான் கடைக்குப் போய் அன்று இரண்டு பேருக்கு லென்ஸை இடம் மாற்றிப் பொருத்திவிட்டேன். முதலாளி கத்தினார்.

அதோடு விட்டேனா? காலி டப்பாவையே மறுநாளும் அங்கே வைத்து, மேலே இரும்பை ஏற்றி, மூக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனேன். அவருக்கு வேலை கொடுத்துப் பார்க்கலாம் என்ற குரூரம்தான். சாயங்காலம் வந்தால் மூக்கு ஜன்னலைப் பார்க்கிறது. அதற்கடுத்த நாளும். ஒன்பது நாள் அந்தக் காலி டப்பாவைத் தினமும் திறந்து பார்த்திருக்கிறார், நாத்தனாரே. பக்கத்திலேயே என் டப்பா, நிறைய சாப்பாடு, அதன்மேல் உன் அண்ணனுடைய லிஃப்ட் ரிப்பேர் சாமான் பெட்டி, அதே கனம். அது அசையவில்லை.

பத்தாம் நாள் உன் டப்பாவை எடுத்துப் பரணில் போட்டேன். பிறகுதான் உனக்கு அந்தத் தபால் தலை அளவுக் கடிதம் எழுதினேன்.

இன்னொரு பொய்யும் உண்டு. தினமும் உன்னைக் கேட்கிறார். ஆபரேஷன் முடிந்து வந்த வாரத்திலிருந்து, "சுண்டெலி எப்ப வருது?" என்று. ஒரு நாள் தவறியதில்லை. "வரும் வரும்" என்பேன். உனக்கு எழுதும்போது கை வராது. பதினொரு வருஷம் நான் வடித்துக் கொட்டினதை ஒரு பக்கம் வைத்து, உன் பன்னிரண்டு பிஸ்கெட்டை இன்னொரு பக்கம் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துபோயிற்று. அதை என் கையாலேயே எழுதி உன்னிடம் கொடுக்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

நீ கையெழுத்துப் போடுவாய் என்று தெரிந்தேதான் எழுதினேன். மன்னிக்காதே. ஆனால் அவரைப் பார்க்காமல் போய்விடாதே.

அண்ணி


ஜூன் 14

அண்ணிக்கு,

படித்தேன். ஒரு நாள் முழுக்க உங்களைத் திட்டினேன். எதிரில் கேட்க ஆள் இல்லாததால் எலிகளிடம் திட்டினேன். மறுநாள் அந்தக் காலி டப்பா விஷயத்தை மட்டும் எடுத்து மறுபடியும் மறுபடியும் படித்தேன். கையெழுத்தை அழிக்க முடியாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். உங்களை மன்னிக்க எனக்கு நாள் பிடிக்கும். ஆனால் இந்த வாரம் நான் நடக்கவில்லை, மிதக்கிறேன். பேராசிரியரே என்ன விசேஷம் என்று கேட்டார்.

ஜெயித்தவள் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்கலாமா? எலிக்கு வாய் கிடையாது. ஏன் தூக்கினாய், ஏன் தூக்கவில்லை என்று அதைக் கேட்க முடியாது. அதனால்தான் மூடி, எடை, கழித்தல் கூட்டல் எல்லாம். அண்ணனுக்கு வாய் இருக்கிறதே! நானும் கேட்கச் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆறு மாதமாக நாம் இரண்டு பேரும் அவனைக் கூண்டுக்குள் வைத்து மறைவில் நின்று பார்த்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் டப்பாவை ஏன் தொடவில்லை என்று கேளுங்கள். என் டப்பாவை ஏன் தூக்கினான் என்றும் கேளுங்கள். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். இந்த முறை பொய் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்


ஜூன் 22

அன்பு நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம். எடை எழுபத்தாறு. நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். சொன்னது சொன்னபடி.

நேற்று ஆறு மணிக்கு வந்தேன். ஜன்னலோரம்தான் இருந்தார். கை கழுவிவிட்டு டப்பாமேல் இருந்த பாரத்தை இறக்கினேன். தட்டு வைக்காமல் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏங்க, பகல் முழுக்கப் பசிக்கலையா?"

"பசிக்குது."

"அப்ப இதத் தெறந்து சாப்பிட வேண்டியதுதானே? இது என்ன பெரிய கனமா உங்களுக்கு?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான்தான் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவள் போல.

"நீ ஆறு மணிக்கு வந்துருவ இல்ல? வந்து தெறப்ப, போடுவ. நான் எதுக்கு அதத் தூக்கணும்?"

"அப்ப தங்கச்சி டப்பாவ ஏன் தூக்கினீங்க?"

"அது ஊர்ல இல்லாத பிள்ளை. அது வந்தா தெறக்கப் போகுது? நாமதான் தெறந்துக்கணும்."

"காலி டப்பாவையுமா?"

"வந்துட்டுப் போச்சோன்னு பாத்தேன்" என்றார். அப்புறம், "பசிக்குது இவளே" என்றார்.

அவ்வளவுதான் பேசினார், அவருக்கு இப்போது இவ்வளவே அதிகம். முட்டையைக் கீழே போட்டேன். பகல் முழுக்கப் பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறார், நான் அதை வேண்டாத சாப்பாடு என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்றிலிருந்து மத்தியானம் ஒரு மணி நேரம் கடையில் கேட்டு வீட்டுக்கு வருகிறேன். முதலாளி முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

இதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம், அல்லது சந்தோஷத்தில் பக்கம் பக்கமாக எழுதலாம். இரண்டையும் செய்யவில்லை. நீ பொய் வேண்டாம் என்றாய், அவர் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன். எப்போது வருகிறாய்?

அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் இரண்டு பேரும் நலமாக இருப்பீர்கள், சந்தேகமே இல்லை.

கேட்கச் சொன்னது என் தப்பு. சும்மா இருந்திருந்தால் ஜெயித்தவளாகவே விமானம் ஏறியிருப்பேன். ஒரு வாரம் மிதந்தேன் என்று எழுதினேன் அல்லவா, இப்போது தரையில்தான் இருக்கிறேன். அவன் இரும்பைத் தூக்கியது நான் இல்லாததால்தான். உங்களுக்கென்றால் பசியோடு உட்கார்ந்திருக்கிறான். யாராவது எனக்காக ஒரு நாள் அப்படி உட்காருவார்களா, அண்ணி? எங்கள் ஆய்வகத்தில் இதை அளக்க ஒரு கருவியும் கிடையாது. இருந்தாலும் நான் தொட மாட்டேன்.

ஐந்தாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். நாலு நாள் இருப்பேன். பிஸ்கெட் கொண்டுவரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், எனக்காகச் செய்யுங்கள். முதல் நாள் மட்டும் நீங்கள் மத்தியானம் வர வேண்டாம், வழக்கம்போல ஆறு மணிக்கே வாருங்கள். அன்றைக்குப் பகல் முழுக்க நான் டப்பாவைத் திறக்கிறேன், நான் போடுகிறேன், அவன் "இன்னும் இருக்கா?" என்று என்னைக் கேட்கட்டும். அளவாகத்தான் போடுவேன், பயப்படாதீர்கள்.

ஐந்தரை ஆனதும் நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் அவன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பிப்பான், எனக்குத் தெரியும். அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

உங்கள் நாத்தனார்